பட்டம் கிடைக்கும், உரிமம் கிடைக்குமா?

ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து, மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் எதுவரை படிக்கலாம் என்ற கேள்விக்கு யாரும் சின்ன பதில் சொல்லித் தப்ப முடியாது. பணமும் முன்புபோல் முழுத் தடையல்ல. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 20 பேருக்குத்தான் என்பதைப் பார்க்கும்போது, மாநிலத் திட்டத்தின் பெருமை விளங்கும். இந்தப் பணத்தில் ஒரு மலைப் பெண் மருத்துவ உளவியல் படிக்க வெளிநாடு போக நினைத்தால் அரசு மனமுவந்து அனுப்ப வேண்டும். ஆனால் அவர் வாங்கிவரும் பட்டம் அவரை மருத்துவ உளவியலாளராக ஆக்குமா என்பதை, உதவித்தொகைக்குக் கையெழுத்திடும் முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். இன்று அதைச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

பொறியியலிலோ வணிக நிர்வாகத்திலோ இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. பட்டத்தைப் பார்த்து நிறுவனம் வேலை கொடுத்துவிடும். மருத்துவ உளவியல் அப்படியல்ல, அது பதிவுபெற்றுச் செய்யும் தொழில். பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் மருத்துவ உளவியல் என்ற பெயரிலேயே ஓராண்டு முதுகலைப் படிப்புகளை நடத்துகின்றன. அதை முடித்தவர் அங்கே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் பெயர் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதற்கு மூன்றாண்டு முனைவர் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குத் தேசிய சுகாதாரச் சேவை ஊதியம் கொடுத்து எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் உள்நாட்டு மாணவர்களுக்கே. அமெரிக்காவில் முனைவர் பட்டமும் ஓராண்டு நேரடிப் பயிற்சியுமாகச் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும். சரி, ஊருக்கே திரும்பலாம் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுத்து வைத்திருக்கிறது: இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்றுக்கொண்ட தகுதி வேண்டும், மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளோடு பெற்ற பயிற்சி வேண்டும். ஓராண்டு முழுக்க வகுப்பிலும் ஆய்வேட்டிலும் கழிந்த பட்டத்தில் அந்தப் பயிற்சி எங்கே இருக்கும்? லட்சக்கணக்கில் அரசுப் பணம் செலவான பிறகும், மாவட்ட மனநலத் திட்டத்தில் உள்ள மருத்துவ உளவியலாளர் பணியிடத்துக்கு அவரால் விண்ணப்பிக்க முடியாமல் போகலாம்.

அந்தப் பணியிடத்தில் அவர் உட்கார வேண்டியதன் அவசியத்தை மலைக்குப் போனால் உணரலாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகக் கூறி ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்களின் வழக்குகளைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. உடலாக வந்த கணவனைப் பார்த்த பெண்ணின் தூக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்றது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. மலையில் துயரம் ‘டிப்ரஷன்’ என்ற பெயரில் வருவதில்லை. “தல பாரமா இருக்கு”, “நெஞ்சு படபடன்னு அடிக்குது”, “காத்து கருப்பு பட்டிருக்கு” என்று வருகிறது. சில நேரம் சாமி வந்து ஆடுவதாக வருகிறது. எதிரே இருப்பவர் வினாப்பட்டியலை எடுத்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டால் அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள். எது பயம், எது துக்கம், எது நோய் என்று அந்தப் பேச்சிலிருந்தே பிரித்தறியும் காது, அந்த மொழியில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகும்.

வசதியான வீட்டுப் பிள்ளைகள் லண்டன் போகும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை, மலைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இத்தனை யோசனை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழங்குடி மாணவர் ஊருக்குச் சேவை செய்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் மெல்போர்னிலேயே தொழில் செய்ய விரும்பினால் அது அவர் உரிமை. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு வீணானால் இன்னொரு படிப்புக்குப் பணம் இருக்கிறது, விசாரித்துச் சொல்ல அமெரிக்காவில் சித்தப்பா இருக்கிறார். சாமை விளைவித்துப் பிழைக்கும் வீட்டின் முதல் பட்டதாரிக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே அவருக்குத்தான் முழு விவரமும் முதலில் போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டில் கிடைக்கும் ஆய்வுப் பயிற்சியையும், சாதியைக் கேட்காத வகுப்பறையையும் குறைத்து மதிப்பிடவில்லை. உரிமம் பெற்ற பிறகு முனைவர் ஆய்வுக்குப் போகிறவருக்கு அவை இன்னும் அதிகமாகப் பயன்படும்.

இங்கேயே படி என்று சொல்லிவிட்டு இடம் தராமல் இருந்தால் அந்த அறிவுரைக்கு மதிப்பில்லை. உள்நாட்டிலோ குழப்பம் தீரவில்லை. மருத்துவ உளவியலாளர் பதிவுக்கு வழியாக இருந்த எம்.பில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை அவகாசம் தந்தது. மறுவாழ்வு கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. இந்த மாற்றக் காலத்தைத் தமிழக அரசு பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அதோடு வேலூர், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிகளையும் இணைத்து, கவுன்சிலின் அங்கீகாரத்துடன் மருத்துவ உளவியல் இடங்களை உருவாக்கி, பழங்குடி மாணவர்களுக்கு ஊக்கத்தொகையுடன் ஒதுக்கலாம். பயிற்சியில் சில மாதங்கள் ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரிலேயே கழியட்டும். வெளிநாட்டுத் திட்டத்தில் செய்ய வேண்டியது அதைவிட எளிது. உளவியலுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும், தேர்ந்தெடுத்த படிப்பு அந்த நாட்டில் தொழில் உரிமம் தருமா, இங்கே பதிவுக்கு ஏற்கப்படுமா என்று எழுத்தில் தமிழில் பதில் தர வேண்டும். பதில் ‘இல்லை’ என்றால், உரிமம்வரை எத்தனை ஆண்டுகள் ஆகும், அதுவரை உதவித்தொகை தொடருமா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அடுத்த விண்ணப்ப அறிவிப்பு வருவதற்குள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை இந்தத் தாளை ஆயத்தம் செய்துவிட முடியும்.