இசக்கி என்று அழைத்தால் என்ன?

தாமிரபரணிக் கரையில் பாபநாசம் முதல் ஏரல் வரை எந்தத் தெருவில் நின்று "ஏ, இசக்கி!" என்று கூப்பிட்டாலும், ஒரு காலத்தில் நான்கு வீடுகளிலிருந்து நான்கு தலைகள் எட்டிப் பார்த்திருக்கும். இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக விளங்கிய பெயர் அது. மதுரையைத் தாண்டினால் அபூர்வம். இப்போதோ நம் ஊரிலேயே அது பாட்டிமாரோடு விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. தொட்டில் குழந்தைக்கு 'ஷ'வோ 'ஸ்ரீ'யோ கலவாத பெயரைத் தேட வேண்டியிருக்கிறது! பெயரிடுவது பெற்றோரின் உரிமை. அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால், இருக்கிற இசக்கிகளும் தம் பெயரை மறைக்கிறார்களே, அதுதான் எங்களுக்கு வருத்தம்.

ஏன் மறைக்கிறார்கள்? பிறர் அதைச் சொல்லும் விதத்தினால்தான். எழுதும்போது இசக்கி, பேசும்போது 'எசக்கி'. இது கொச்சையென்று சிலர் முகம் சுளிப்பர். இலையை எலை என்றும், இடத்தை எடம் என்றும் தமிழ்நாடே சொல்கிறது. அவர்களை யார் சுளிக்கிறார்கள்? அந்நாளில் இப்பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள், காதில் விழுந்தபடியே அம்மொழியின் ஐந்தாம் எழுத்தைப் போட்டு ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'ஈசாக்கி' என்று நீட்டுகிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் ஒருத்தி, "ஆபிரகாமின் மகன் ஈசாக்கு உனக்கு உறவா?" என்றே கேட்டுவிட்டாள்! ஒரு போட்டி மேடையில் எங்கள் தோழியின் பெயரை அறிவிப்பாளர் மூன்று விதமாகப் படித்தார். அரங்கம் சிரித்தது. பரிசு வாங்கியவள் அவள்தான். ஆயினும் அன்று முதல் தன் பெயரை 'இ.' என்று ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டாள்.

அந்த ஓர் எழுத்துக்குள் எவ்வளவு சரித்திரம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? இசக்கி என்பது இயக்கியின் திரிபு. வடமொழியில் யட்சி. உயிர் உசிராவது போல, முயல் முசலாவது போல, இயக்கி இசக்கி ஆனாள். கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி, இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பியவள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சமணரிடமும் இயக்கியர் உண்டு. கழுகுமலைச் சிற்பங்களில் அம்பிகா இயக்கியைக் காணலாம். பிற்காலத்தில் வேப்பமரத்தடியில் கையில் குழந்தையோடு மண்சிலையாக நின்றவளும் அவளே. பிள்ளையில்லாதவர் அவளிடம் தொட்டில் கட்டி நேர்ந்துகொண்டு, பிறந்த பிள்ளைக்கு அவள் பெயரையே இட்டனர். வேடிக்கை என்னவென்றால், ஈசாக்கும் சாராள் முதுமை வரை காத்திருந்து பெற்ற பிள்ளைதான்! எபிரேயத்தில் அப்பெயருக்குச் சிரிப்பு என்று பொருள். நம் இசக்கிகளோ பெயரைச் சொல்லவே கூசுகிறார்கள்.

கான்வென்டில் படிக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனிதரின் பெயர் நம் முன்னோர் நாவில் சவேரியார் ஆயிற்று; சவரிமுத்து பிறந்தார். இஞ்ஞாசியார் இன்னாசி ஆனார். யோசேப்பு சூசை ஆனார். அப்பெயர்களைக் கேட்டு நாம் சிரிப்பதில்லை. இயக்கி இசக்கியானதும் அதே நாவினால்தானே?

எழுத்தை மாற்றினால் போதும் என்பாரும் உண்டு. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற அரசு ஆணை வெளிவந்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. வெள்ளைக்காரரின் 'டின்னவெல்லி'யை நாம் மீண்டும் திருநெல்வேலி ஆக்கியிருக்கலாம். ஆனால், எந்த எழுத்தைப் போட்டாலும் படிப்பவருக்குக் கேட்டறியும் பொறுமை வேண்டுமே! மேடையேறி அறிவிப்பவர், "உன் பெயரை வீட்டில் எப்படிச் சொல்வார்கள், அம்மா?" என்று முன்கூட்டியே கேட்டால் அரை நிமிடம் ஆகுமா?

எங்களுக்கு இது அவசரமான விஷயமும்கூட. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறும் பெயரே பிறகு எல்லாத் தாள்களிலும் தொடரும். மாற்ற நினைத்தால் அரசிதழ் வரை போக வேண்டும். பெயர்ப்பட்டியல் சரிபார்க்க வகுப்புக்கு வரும்போது, இசக்கிகளே, உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் முதலெழுத்து எது என்பதை உங்கள் பாட்டியிடம் ஒருமுறை பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள்.