விடிய விடியப் பாட்டு



ஸ்பெயின் நாட்டின் சர்சுவேலா பற்றி இந்த இதழில் எழுதியிருக்கிறோம். பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் இசை நாடகம் அது. 1894-இல் மாட்ரிட்டில் அரங்கேறிய 'லா வெர்பேனா தெ லா பலோமா'வின் நாயகன் ஓர் அச்சுக்கோப்பாளன். காதலி மருந்துக்கடைக் கிழவரோடு தெருத் திருவிழாவுக்குப் போகிறாள் என்று பொருமிப் பொருமிப் பாடுகிறான். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு அவன்மேல் தனிப் பாசம்!

ஆனால் இசை நாடகம் பார்க்க மாட்ரிட் வரை போக வேண்டாம். பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் வீடு எடுத்து, பொம்மசந்திராவுக்கு ஷிஃப்டுக்குப் போய்வரும் நம்மில் பலருக்கு மதுரை, புதுக்கோட்டைப் பக்கம்தான் சொந்த ஊர். அங்கே கோயில் திருவிழாவில் இன்றும் 'வள்ளி திருமணம்' நடக்கிறது. அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-இல். அவருடைய பாட்டும் வசனமும் இன்னும் மேடையில் இருக்கின்றன. 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இந்த வகைக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் தொடங்கிவிடுவார்கள். பபூன் சிரிக்க வைத்துவிட்டுப் போன பிறகு நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் மூளும். அவர் ஒரு கேள்வியைப் பாட்டாகப் போடுவார். இவர் அந்த நொடியில் பதில் கட்டியாக வேண்டும். முன்வரிசைப் பாட்டிகளுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். தப்பினால் விடமாட்டார்கள். இவ்வளவு பெரிய வித்தையை நாம் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

நாம் குடியேறிய கர்நாடக மண்ணும் இதில் குறைந்ததல்ல. துமகூரு மாவட்டத்துக் குப்பியில் 1884-இல் பிறந்த நாடகக் கம்பெனியை வீரண்ணா பெரும்புகழுக்குக் கொண்டுபோனார். அங்கே தேறிய ராஜ்குமார்தான் 1954-இல் 'பேடர கண்ணப்பா' திரைப்படத்தில் நாயகனானார். கதை நம் கண்ணப்ப நாயனாருடையது. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயியும் கடைக்காரரும் ஆர்மோனிய மேஷ்டரிடம் மாதக்கணக்கில் பாடம் கேட்டு, கைக்காசு போட்டு, 'குருக்ஷேத்ரா' நாடகம் ஆடுகிறார்கள். துரியோதனன் கதாயுதத்தோடு மேடையேறும்போது மொழி தெரியாதவருக்கும் மயிர்க்கூச்செறியும்.

அடுத்த திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் விடியும்வரை உட்காருங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கம் நாடக நோட்டீஸ் கண்ணில் பட்டால் எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். தேதியையும் இடத்தையும் அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்