பிறப்புரிமையா, பயிற்சியா?

1896-ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்துசேர்ந்த திருச்சுழி வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷியாகித் தமிழில் இயற்றிய ‘உபதேச உந்தியார்’ என்னும் நூலைத் தாமே தெலுங்கு, சமஸ்கிருதம், மலையாளம் ஆகிய பாஷைகளிலும் ஆக்கித் தந்தார் என்பதை, தாய்மொழியாகப் பெற்றவனுக்கே ஒரு பாஷை வசப்படும் என்று சாதிப்போர் சற்றே சிந்திக்க வேண்டும். அவருக்குப் பணிவிடை செய்துவந்த மலையாளத்துப் பழனிசுவாமி அத்யாத்ம ராமாயணம் வாசிக்க, அருகிருந்தே மலையாள எழுத்துக்களை ரமணர் கற்றுக்கொண்டார்.

தாய்மொழி பிறப்பளிக்கும் பாத்தியதைதான், மறுக்கவில்லை. ஆயினும் அனுபவியாத பாத்தியதை நாளடைவில் காலாவதியாகிவிடும். ஜனத்தொகைக் கணக்கில் ‘தமிழ்’ என்று பதிந்துவிட்டு, தமிழில் ஒரு கடிதம் எழுதத் தடுமாறும் பிள்ளைகள் இன்று அண்ணாமலையார் மாடவீதிகளிலும் உண்டு. பெற்றோர்களே, அவர்களை நாள்தோறும் ஒரு பக்கமேனும் தமிழில் வாசிக்கவும் எழுதவும் செய்யுங்கள்.