போத்தலில் யாருடைய பெயர்?

பழக்காலத்தில் மரத்தின் கீழ் விழுந்து அழுகும் மாம்பழங்களைப் பார்த்து மனம் வருந்தாத விவசாயி இல்லை. சந்தைக்குக் கொண்டுபோனால் ஏற்றுக்கூலிக்கும் காணாத விலை. வீட்டில் வைத்தால் மூன்று நாளில் ஈ மொய்த்துவிடும். இந்த நேரத்தில்தான் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஜாம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன?" என்று கேட்பார். "என்ர தம்பி கனடாவில் இருக்கிறான், அங்கே ஜாமுக்கு நல்ல விலையாம்" என்பார் இன்னொருவர். அடுத்த கூட்டத்துக்குள் பெரிய தாச்சியும் காஸ் அடுப்பும் போத்தல்களும் வாங்குவதற்கான கடன் விண்ணப்பம் தயாராகிவிடும்.

இந்த ஆசையைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் காணியை விட்டு வெளிக்கிட்டு, கிணறும் மாடும் இழந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் குடும்பத்துக்குக் கடன் என்பது சிறிய விடயமல்ல. ஆகவே கையெழுத்து வைப்பதற்கு முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். "அந்த நாட்டில் எங்கள் ஜாமை இறக்குமதி செய்யப்போகிறவர் யார்?" இதற்குப் பதில் கிடைக்காதவரை, வெளிநாட்டுச் சந்தையை நம்பி ஒரு சதமும் கடன் எடுக்கவேண்டாம் என்பதே என் கருத்து.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? நம்மவர் பலர் வாழும் ஐரோப்பாவையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜாம் என்பது சட்டத்தால் வரையறுக்கப்பட்ட பொருள். 2001ஆம் ஆண்டின் பணிப்புரைப்படி, ஒரு கிலோ ஜாமுக்குப் பொதுவாக 350 கிராம் பழமாவது சேர்ந்திருக்க வேண்டும். உயர்தர ஜாம் என்று சொல்லி விற்பதானால் 450 கிராம். கொடித்தோடை போன்ற சில பழங்களுக்கு மட்டும் இதைவிடக் குறைந்த அளவு போதும். 2024இல் இந்தப் பணிப்புரை திருத்தப்பட்டது. 2026 ஜூன் 14 முதல் சாதாரண ஜாமுக்கு 450 கிராம், உயர்தர ஜாமுக்கு 500 கிராம் என்பதே விதி. போர்த்துக்கல்லில் கரட் ஜாம் செய்யும் வழக்கம் இருப்பதால், ஜாம் விடயத்தில் கரட்டும் பழமாகவே கொள்ளப்படும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. அவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டு ஜாமின் நிலை என்ன? ஒரு நாள் இறுகி வரும், ஒரு நாள் பாணியாய் ஓடும். பழம், சீனி, புளிப்பு, பெக்டின் என்ற நான்கும் சரியான அளவில் கூடினால்தான் ஜாம் உறையும். நன்றாகக் கனிந்த பழத்தில் பெக்டின் குறைந்துவிடும். ஆகவே அழுகப்போகிற பழத்தையெல்லாம் ஜாமாக்கிவிடலாம் என்ற எண்ணமே பிழை. நல்ல ஜாமுக்கு நல்ல பழம் வேண்டும், அதில் ஒரு பங்கு செங்காயாகவும் இருக்கவேண்டும். சீனியின் செறிவை ஒவ்வொரு தாச்சியிலும் கருவி வைத்து அளந்து எழுதவேண்டும். நூறாவது போத்தலும் முதலாவது போத்தலைப்போலவே இருக்கவேண்டும்.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். நம் பெண்களுக்கு அது முடியாத காரியமல்ல. ஆனால் அதற்கு அப்பால்தான் பெரிய படி இருக்கிறது. உணவுப் பொருளின் லேபலில் அதற்குப் பொறுப்பானவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்பது ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பொறுப்பாளர் ஒன்றியத்துக்குள் இல்லாதவரானால், இறக்குமதி செய்பவரின் பெயரே போடப்படவேண்டும். போத்தலுக்குள் கண்ணாடித் துண்டு கிடந்தாலும், பூஞ்சணம் பிடித்தாலும், லேபலில் ஒரு விபரம் பிழைத்தாலும் அந்த நாட்டு அதிகாரிகள் தேடிப்போவது அவரைத்தான். நம்மை அறியாத ஒருவர் எதற்காக இந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வார்? நம் பொருளில் நம்பிக்கை இருந்தால் மட்டுமே ஏற்பார். பெட்டிக்குள் பத்துப் போத்தல் வைத்துத் தம்பிக்கு அனுப்புவது அன்பளிப்பு. அதை ஏற்றுமதி என்று எண்ணி ஏமாறக்கூடாது.

அடுத்தது சுங்கத் தீர்வை. பச்சை மாம்பழம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தீர்வையின்றிப் போகலாம். அதே பழம் சீனி சேர்ந்து ஜாமாகிப் போனால், சலுகை பெறாத நாட்டுக்குப் பொதுவாக 24 வீதத் தீர்வை, அதற்குமேல் நிறைக்கேற்ற இன்னொரு தொகை. ஏழை நாடு பழத்தை விற்கலாம், பதப்படுத்தி வரும் இலாபம் எங்களுக்கே இருக்கட்டும் என்று சொல்வதைப்போன்ற ஏற்பாடு இது. இது நீதியல்ல என்பதைச் சொல்லவேண்டிய இடங்களில் சொல்லவேண்டும். சலுகை பெற்ற நாடுகளுக்குத் தீர்வை குறையும் என்பது உண்மை. ஆனால் சலுகையும் நம் கையில் இல்லை. இலங்கைக்கு 2005இல் கிடைத்த ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, 2017 மே மாதத்திலேயே திரும்பக் கிடைத்தது. அதைக் கொடுப்பதும் எடுப்பதும் அரசாங்கங்களுக்கிடையிலான காரியம். தாச்சியருகில் நிற்கும் பெண்ணை யாரும் கேட்பதில்லை.

இவ்வளவும் தாண்டிக் கடைத்தட்டில் ஏறினால், பக்கத்தில் நிற்பவர் யார்? 1971இல் தொடங்கிய 'போன் மமான்' என்ற பிரெஞ்சு ஜாமின் மூடியில் சிவப்பு வெள்ளைக் கட்டம், லேபலில் கையால் எழுதியதுபோன்ற எழுத்து. தொழிற்சாலையில் செய்தாலும், பாட்டியின் சமையலறையிலிருந்து வந்ததைப்போலத் தோற்றம். உண்மையாகவே வீட்டில் செய்த நம் போத்தல், அதன் பக்கத்தில் யார் வீட்டுப் போத்தல் என்றே தெரியாமல் நிற்கும்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. சுவாசிலாந்து என்று நாம் அறிந்த, 2018 முதல் எஸ்வாத்தினி என்று பெயர் மாறிய சிறு ஆபிரிக்க நாட்டில், மன்சினி நகரின் இளைஞர் நலப்பணி ஒன்றோடு சேர்ந்து 1991இல் ஒரு சமையற்கூடம் தொடங்கியது. அங்கே செய்த ஜாமும் ஊறுகாயும் ஐரோப்பாவின் நியாய வணிகக் கடைகளுக்குப் போயின. அங்கே வாங்க ஆயத்தமான இறக்குமதியாளர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இப்படிப்பட்ட கடைக்கு வருபவர் முதல் போத்தலை இரக்கத்தால் வாங்கக்கூடும். இரண்டாவது போத்தலைச் சுவைக்காகத்தான் வாங்குவார். நம் துயரத்தை லேபலில் அச்சடித்து நெடுநாள் விற்கமுடியாது, விற்கவும் கூடாது.

வெளிநாட்டில் வாழும் நம்மவரின் சந்தையும் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள இலங்கைக் கடைகளில் விளாம்பழ ஜாம் விற்கிறது. பெரும்பாலும் அது தெற்கின் பழைய தொழிற்சாலைகளிலிருந்து போவது. விளாத்தி நம் காடுகளிலும் நிற்கிறது. அந்தச் சுவைக்காக ஏங்குபவர்களுக்கு ஐரோப்பிய ஜாம் ஈடாகாது. அங்கே நமக்கு ஓர் இடம் கிடைக்கலாம்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் நம் ஊர்க் கடைக்கும், பட்டணத்து விடுதிக்கும் விற்றுப் பாருங்கள். அங்கே திரும்பி வந்து கேட்கிறார்களா? ஒவ்வொரு தாச்சிக்கும் திகதியும் அளவும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு வருடம் ஒரே தரம் காட்டியபின், உள்ளூரில் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்குப் பழக்கூழாகக் கொடுக்கலாமா என்று விசாரியுங்கள். வெளிநாட்டு உறவினரிடம் அடுப்பு வாங்கக் காசு கேட்பதைவிட, நம் மாதிரிப் போத்தலுடன் ஓர் இறக்குமதியாளரின் வாசலுக்குப் போய்வரச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்லும் குறையை அப்படியே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

திட்டங்களோடு வரும் எங்களைப்போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி கொடுத்து, படம் எடுத்து, அறிக்கை அனுப்பியதும் எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. மிஞ்சிய போத்தல்களும் கடனும் அந்தக் குடும்பங்களோடு நின்றுவிடுகின்றன. சந்தையைத் தேடித்தராமல் தாச்சியை மட்டும் கொடுப்பது உதவியல்ல. அடுத்த முறை யாராவது உங்கள் கூட்டத்தில் வெளிநாட்டுச் சந்தையைப் பற்றிப் பேசினால், மரியாதையாகக் கேட்டிருங்கள். முடிந்ததும் எழுந்து, போத்தலில் போடப்போகும் அந்தப் பெயரைக் கேளுங்கள். பேசுகிறவர் நானாக இருந்தாலும் கேளுங்கள்.