இடப்பக்கத்தை மீட்க இயந்திரம் போதுமா?

மூளையின் வலப்பாதியைத் தாக்கிய பக்கவாதத்திற்குப் பின் சிலர், தட்டின் வலப்புறத்துச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, பசி அடங்கவில்லை என்பர். முகத்தில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொள்வர். இடப்பக்கம் நின்று மனைவி அழைத்தால் வலப்பக்கம் திரும்பித் தேடுவர். வீட்டார் இதனைப் பிடிவாதம் என்றோ பார்வைக் குறை என்றோ எண்ணிவிடுகின்றனர். கண் காணக்கூடிய நிலையில் இருந்தும், இடப்பாதி மூளையின் கவனத்திற்கு எட்டாமல் போவதே இதன் இயல்பு. இடப்பக்கப் புறக்கணிப்பு என்பது இதன் பெயர்.

1978ஆம் ஆண்டு இத்தாலியில் பிசியாக், லுட்சாத்தி என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணால் கண்டு விவரிக்குமாறு, அதனை நன்கறிந்த நோயாளிகளிடம் அவர்கள் கேட்டனர். பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது, வலப்பக்கத்தில் இருந்தவற்றையே அவர்கள் பெரிதும் கூறினர். பேராலய வாயிலில் நின்று எதிர்ப்புறம் நோக்குவதாக எண்ணச் சொன்னதும், முன்பு விட்டுப்போனவை வந்தன. முன்பு சொன்னவை மறைந்தன. நினைவிலேயே ஒரு பாதி தவறும்போது, "நன்றாகப் பாருங்கள்" என்று கடிந்துகொள்வதால் என்ன பயன்?

இந்நிலையில்தான் மின்தூண்டல் குறித்துக் குடும்பத்தார் ஆவலுடன் கேட்கின்றனர். உப்புநீரில் நனைத்த பஞ்சுறை மின்முனைகளைத் தலையில் பொருத்தி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் வரையிலான மெல்லிய மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்துவது இம்முறை. மனநல மருத்துவத்தில் மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்னதிர்வுச் சிகிச்சை வேறு, இது வேறு. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிச் சமன் காக்கின்றன என்றும், வலப்பாதி தளர்ந்ததும் இடப்பாதி ஓங்கிக் கவனத்தை வலப்பக்கம் இழுக்கிறது என்றும் ஒரு கருத்து உண்டு. ஆகவே வலப்பாதியை எழுப்பவோ இடப்பாதியைத் தணிக்கவோ மின்னோட்டம் பயன்படுத்தப்படுகிறது.

கருத்து அழகானது, சான்றுகள் அந்த அளவிற்கு வளரவில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போவதில்லை. புறக்கணிப்புக்கான மருந்தில்லாச் சிகிச்சைகள் பற்றிய 65 ஆய்வுகளை 2021ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு ஆராய்ந்தது. மின்தூண்டல் மட்டுமன்றி, எந்த முறையும் அன்றாட வாழ்வில் நிலைத்த பயன் தருவதாக அதனால் உறுதிசெய்ய இயலவில்லை. மேலும், இயல்பான மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் தானே நிகழ்கிறது. அந்நாளில் எதைச் செய்தாலும் அதுவே குணமாக்கியது போலத் தோன்றும். இதனாலேயே ஆய்வாளர்கள், சில நொடிகளில் நின்றுவிடும் போலித் தூண்டலைப் பாதிப் பேருக்கு அளித்து ஒப்பிடுகின்றனர்.

"முயன்று பார்ப்பதில் என்ன இழப்பு?" என்பர். அரிப்பு, தோல் சிவத்தல், தலைவலி ஆகியவை பெரும்பாலும் சிறு தொல்லைகளே. வலிப்பு வந்தோர், தலைக்குள் உலோகம் உள்ளோர், அறுவையில் மண்டையோடு திறக்கப்பட்டோர் மருத்துவரின் இசைவின்றி இதனை நாடவே கூடாது. ஆயினும் பெரிய இழப்பு வேறொன்று: பயிற்சிக்குரிய நேரமும் பணமும் இயந்திரத்தின் பக்கம் போய்விடுதல். வீட்டிற்கென விற்கப்படும் கருவிகளை வாங்குவதை நான் ஏற்கவில்லை. மருத்துவர் மேற்பார்வையில், பயிற்சியோடு சேர்த்துத் தருவதாயின் மறுப்பில்லை. தொடங்கும் முன் கோடுகளை அடித்தல், கடிகாரம் வரைதல் ஆகிய சோதனைகளோடு உண்ணுதல், உடுத்துதல் ஆகியவற்றையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எத்தனை அமர்வுக்குப் பின் நிறுத்துவது என்பதையும் முன்னரே கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஏராளம். தமிழ் இடமிருந்து வலமாக எழுதப்படுவதால், இவர்களுக்கு வரியின் தொடக்கமே தவறிவிடும். செய்தித்தாளின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் அதனைக் கண்டுபிடித்த பின்னரே படிக்கச் செய்யுங்கள். பாதி உண்டதும் தட்டைத் திருப்பிவிடாமல், இட விளிம்பை விரலால் தொட்டுத் தேடச் சொல்லுங்கள். உரையாடும்போது மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்ந்து அமருங்கள். அழைப்பு மணியும் குடிநீரும் மட்டும், அவர் தாமே இடப்பக்கம் திரும்பப் பழகும்வரை, வலக்கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.