தாயில்லாக் குஞ்சுகளும் தலைக்கு மேலே பிராந்தும்

காலையில் எண்ணியபோது இருந்த குஞ்சு, சாயங்காலம் காணோம்! நத்தம், வேடசந்தூர் பக்கம் கோழி வளர்க்கிற வீடுகளில் பழைய புலம்பல்தான் இது. இப்போது அதற்குப் புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது.

ஏழைப் பெண்களுக்கு, நான்கு வாரம் வளர்ந்த 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவிகித மானியத்தில் தமிழக அரசு சில ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், இவை மெஷினில் பொரித்த குஞ்சுகள். கூடவே தாய்க்கோழி வராது. வானத்தில் பிராந்து (பருந்தைத்தான் நம்மூரில் இப்படிச் சொல்வோம்) தெரிந்ததும் தாய் ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் புதருக்குள் ஓடிவிடும். மீறி இறங்கினால், சிறுவிடைக் கோழி எகிறி அடிக்கும். அந்தக் காவல் இல்லாமல் 40 குஞ்சுகளை வெட்டவெளியில் விட்டால், பிராந்துக்குப் பந்தி வைத்த மாதிரிதான். முருங்கைத் தோப்பு இருக்கே என்பீர்கள். அதன் நிழல் வெயிலுக்கே போதாது, பிராந்தின் கண்ணையா மறைக்கும்?

பழைய சி.டி-யைக் கட்டித் தொங்கவிட்டால் நாலு நாள் பயப்படும், அப்புறம் பழகிடும். கைகொடுப்பது வலைதான். கூண்டை ஒட்டி நாலு கம்பு நட்டு, மேலே பழைய மீன் வலையை இழுத்துக் கட்டுங்க. குஞ்சுகள் தேறும்வரை, ரெண்டு மாசமாவது அதற்குள்ளேயே மேயட்டும். பிறகு திறந்துவிடும்போது வளர்ந்த சேவல் ஒன்று கூட இருந்தால் நல்லது. ஆபத்து என்றால் அதுவும் குரல் கொடுக்கும்.

செத்த குஞ்சில் விஷம் தடவி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதைத் தெருநாயும் தின்னும், மயிலும் கொத்தும். பருந்து, வல்லூறு எல்லாமே 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, கொன்றால் ஜெயில். வயலில் எலி பிடிப்பதும் அதுங்கதான்.

குஞ்சு கொடுக்கிற அன்றைக்கே, வலை கட்டுவதையும் கால்நடைத் துறை செய்து காட்டலாமே!