முதலிடம் விலைக்குக் கிடைக்குமா?

பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் அன்பர்களும், கார்த்திகைத் தீபத்துக்குத் திரளும் பெருங்கூட்டமும் திருவண்ணாமலைக்குப் புதியவர் அல்லர். ஆனால் இன்று அவர்களுள் பலர் வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே கைப்பேசியில் தேடித் தெரிந்துகொண்டு வருகின்றனர். தங்குமிடம் எது, பௌர்ணமி நேரம் எது, ஆரணிப் பட்டு எங்கே கிடைக்கும் என்பனவெல்லாம் தேடுபொறியிடம் கேட்கப்படுகின்றன. முதற் பக்கத்தில் எவர் பெயர் தென்படுகிறதோ, அவரிடமே பெரும்பாலும் வியாபாரம் செல்கிறது. சங்கத்தின் பெயர் அங்கே இல்லாவிடில், அங்கத்தினர் நெய்த சேலை அலமாரியில் தேங்கும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர் இலாபம் அடைவார். சரக்குத் தேங்கினால் பாவு தாமதப்படும். பாவு தாமதப்பட்டால் நெசவாளியின் கூலி நிற்கும். ஆதலின், தேடுபொறி வரிசை என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு விஷயமன்று. தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் அன்றாட ஜீவன விஷயம்.

இதனை உணர்ந்து சங்கங்கள் இணையதளம் அமைப்பது பாராட்டுக்குரியது. அமைத்த பின்னும் வியாபாரம் வரவில்லையே என்று நிர்வாகஸ்தர்கள் கவலைப்படும் வேளையில் தரகர்கள் வந்து சேர்கின்றனர். “மாதம் இவ்வளவு கொடுங்கள், மூன்றே மாதத்தில் கூகுளில் உங்களை முதலிடத்தில் நிறுத்துகிறோம்” என்பது அவர்கள் வாக்குறுதி. இதை நம்பிச் சங்கப் பணத்தைச் செலவிடலாகாது என்பதே நமது கருத்து. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் அளிக்க இயலாது என்று கூகுள் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்துள்ளது. பணம் கொடுத்துப் பெறக்கூடியது விளம்பர இடம் ஒன்றே. அதற்கு விளம்பரம் என்ற அடையாளம் உண்டு. பணம் நின்ற அன்றே அதுவும் மறையும்.

தேடுபொறி வேலை செய்யும் விதத்தை அறிந்தால் காரணம் விளங்கும். அது ஒரு பக்கத்திலிருந்து இணைப்பு வழியே மற்றொரு பக்கத்துக்குச் சென்று, அங்குள்ள எழுத்தைப் படித்து, நூலின் இறுதியில் காணும் சொல்லடைவு போன்ற பெரியதோர் அடைவைத் தயாரித்து வைக்கிறது. ஒருவர் சொல்லைத் தட்டியதும், பொருத்தமான பக்கங்களை அதிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. 1998இல் கூகுளை நிறுவிய லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் கொடுக்கும் இணைப்பை ஒருவகைச் சிபாரிசாகக் கொண்டனர். சிபாரிசு செய்யும் பக்கத்தின் மதிப்பையும் கணக்கில் சேர்த்தனர். கூட்டுறவாளருக்கு இது புதிதன்று. கடன் சங்கத்தில் ஜாமீன் கையெழுத்துக்களை நாம் எண்ணிப் பார்ப்பதோடு நிற்பதில்லை; கையெழுத்திட்டவர் யார் என்றும் பார்க்கிறோம். இன்று வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன எனினும், நம்பிக்கையை அளப்பதே நோக்கம்.

பொய் ஜாமீன் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஜே. சி. பென்னி என்னும் பெருங்கடைக்காக, சம்பந்தமற்ற எத்தனையோ தளங்களில் இணைப்புக்கள் புகுத்தப்பட்டிருந்ததை 2011இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. அதுகாறும் பல பொருள்களுக்கு முன்வரிசையில் நின்ற அக்கடையைக் கூகுள் வெகு கீழே தள்ளியது. அதற்கு முன், 2006இல், பி.எம்.டபிள்யூ மோட்டார் நிறுவனத்தின் ஜெர்மானியத் தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காகச் சில நாட்கள் அடைவிலிருந்தே நீக்கப்பட்டது. பெருநிறுவனங்கள் இத்தகைய அடியைத் தாங்கும். சிறு சங்கம் தாங்குமா?

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, எழுத்து. பழைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கம் நம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றலாம். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. 2010இல் தமிழக அரசு தரமாக ஏற்ற ஒருங்குறியில் யாவும் இருத்தல் வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் ஒட்டுவதும் தகாது. அதனை எழுத்திலும் தருதல் வேண்டும்.

இரண்டாவது, சொல். வாங்குவோர் சங்கத்தின் நீண்ட பதிவுப் பெயரைத் தேடுவதில்லை; “ஆரணி பட்டுச் சேலை விலை” என்றே தேடுகின்றனர். அவர் வழங்கும் சொல் நம் பக்கத் தலைப்பில் இயல்பாக அமைய வேண்டும். அதையே நூறு முறை திணிப்பது தீமையே பயக்கும்.

மூன்றாவது, உண்மை விவரம். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் சேலையின் எடை, நீளம், கரை, ஜரிகையின் தரம், நெய்ய எடுக்கும் நாட்கள், விலை ஆகியவற்றைத் தறியின் படத்தோடு எடுத்துரைக்க நெசவாளர் சங்கத்தினும் தகுதியுடையவர் யார்? உழவர் சங்கங்களுக்கும் இது பொருந்தும். ஜவ்வாது மலைச் சாமையை எப்போது அறுவடை செய்கிறோம், எப்படி உமி நீக்குகிறோம், தேனை எவ்வாறு எடுத்து வடிகட்டுகிறோம் என்று எழுதுக. அத்தகைய பக்கத்துக்குப் பிறர் தாமாகவே இணைப்புக் கொடுப்பர். அதுவே மெய்யான ஜாமீன். சங்கங்கள் ஒன்றையொன்று குறிப்பிடுவதும் நன்றே. ஆனால் படிப்பவருக்குப் பயன்படும் இடத்தில் மட்டும் குறிப்பிடுக. “நீ எனக்கு, நான் உனக்கு” என்ற பண்டமாற்று வேண்டாம்.

நான்காவது, உரிமை. இணையதளப் பெயர் தரகர் பெயரில் பதிவாகியிருந்தால், அவரோடு பிணக்கு நேரும் நாளில் சங்கம் தன் பெயரையே இழக்கும். பதிவு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியைச் சொத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடவுச்சொல்லை உறையிட்டுப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். எத்தனை பேர் எச்சொல்லைத் தேடி நம் தளத்துக்கு வந்தனர் என்பதைக் காட்டும் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ இலவசமாகவே கிடைக்கிறது. அக்கணக்கு மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.

இதற்கெல்லாம் வேண்டுவது பெரும்பணமன்று, இடைவிடாத உழைப்பு. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுள் கணினி பயின்றோர் இல்லாத கிராமம் இன்று அரிது. தரகருக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை அவர்களுள் ஒருவருக்கு ஊதியமாக அளித்தால் பணமும் அறிவும் சங்கத்திலேயே தங்கும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகலாம்; நல்ல பெயர் ஒரே நாளில் வருவதில்லை. அடுத்த பொதுக்குழுவில் “விளம்பரச் செலவு” என்ற இனம் வாசிக்கப்படும்போது, அப்பணம் எவ்வேலைக்குக் கொடுக்கப்பட்டது என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து கேட்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.